பிடித்துச் செய்தால்தான் பலன்: உடற்பயிற்சியும் மனமும்

நம்மில் பெரும்பாலோருக்கு உடற்பயிற்சி முதலில் அறிமுகமாவது தண்டனையாகத்தான். வீட்டுப்பாடம் எழுதாத பையன் கிரவுண்டை நாலு ரவுண்டு ஓட வேண்டும், தாமதமாக வந்த பெண் தோப்புக்கரணம் போட வேண்டும். விளையாட்டாக ஓடுவதற்கென்று இருந்த பி.டி. பீரியடையும் பத்தாம் வகுப்பு வந்ததும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். அப்புறம் இருபது, இருபத்தைந்து வருடம் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் கையுமாக அதை மறுபடியும் சந்திக்கிறோம். "சுகர் எல்லையில நிக்குது, தினமும் வாக்கிங் போங்க" என்கிறார் டாக்டர். முதலில் தண்டனை, பிறகு மருந்துச் சீட்டு. பிடித்துச் செய்வதற்கு இரண்டிலுமே இடமில்லை.

இப்படி வளர்ந்த ஒரு சமூகத்தில் கணக்கெடுத்தால் என்ன கிடைக்கும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர்களும் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போதிய உடல் அசைவு இல்லை என்றது அது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதே ஆய்வின் இன்னொரு தகவல்: தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், பொழுதுபோக்காக எந்த உடல் அசைவும் செய்வதே இல்லை. நடை, விளையாட்டு, நீச்சல், ஆட்டம் எதுவுமே கிடையாது. 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய கணிப்பு ஒன்று 2024-ல் வந்தது. அதன்படி இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை. ஆண்களில் இது 42 சதவீதம், பெண்களில் 57.

உடற்பயிற்சி மனதுக்கும் நல்லது என்பது இப்போது வாட்ஸ்அப் வரைக்கும் வந்துவிட்ட செய்தி. ஆனால் அந்த நன்மையில், செய்கிறவருக்கு அது பிடித்திருக்கிறதா என்பதற்கு எவ்வளவு பங்கு என்று பெரிதாக யாரும் பேசுவதில்லை. ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தப் பங்கு சின்னது இல்லை என்றே தோன்றுகிறது.

முதலில் ஆதாரம் எந்த அளவுக்கு உறுதியானது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1999-ல் வெளியான ஆய்வைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். மனச்சோர்வு நோய் உள்ள, 50 வயதைத் தாண்டிய 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை, ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவிலும் முன்னேற்றம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே குணம் தெரிந்தது, அவ்வளவுதான். பத்தாவது மாதத்தில் மறுபடி பார்த்தபோதுதான் ஒரு விசித்திரம் தெரிந்தது. உடற்பயிற்சி மட்டும் செய்து குணமானவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது, இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களைவிடவும் குறைவு. 'நானே முயன்று இதிலிருந்து வெளியே வந்தேன்' என்ற நம்பிக்கையை மாத்திரை கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். வெறும் ஊகம்தான். யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

அந்த ஆய்வில் ஒரு குறை இருந்தது: ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்த பிரிவு இல்லை. அதே குழு 2007-ல் 202 பேரை வைத்து அந்தக் குறையைச் சரிசெய்தது. 16 வாரத்தில் நோய் நீங்கியவர்கள், மேற்பார்வையில் உடற்பயிற்சி செய்தவர்களில் 45 சதவீதம், வீட்டிலேயே செய்தவர்களில் 40, மாத்திரை எடுத்தவர்களில் 47, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 31. கடைசி எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் எந்த மருந்தும் இல்லாமலே தேறியிருக்கிறார். உடற்பயிற்சி அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறது. நல்ல கூட்டல்தான், ஆனால் அற்புதம் ஒன்றுமில்லை.

2024-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு 218 ஆய்வுகளை, 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களை, ஒன்றாகச் சேர்த்து அலசியது. நடை அல்லது மெல்லோட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி, நடனம் எல்லாமே மனச்சோர்வைக் குறைத்தன. இவற்றில் யோகாவையும் எடைப் பயிற்சியையும் பாதியில் விட்டவர்கள் குறைவு. இந்த வகை ஆய்வுகளில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு. தான் எந்த மாத்திரை சாப்பிடுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியாமல் மறைக்கலாம், தான் ஓடுகிறோமா இல்லையா என்பதை எப்படி மறைப்பது? எதிர்பார்ப்பே ஓரளவு குணத்தைத் தந்திருக்கலாம்.

இன்னோர் ஆய்வு, 1,91,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவலைச் சேர்த்து 2022-ல் வெளியானது. வாரத்துக்கு இரண்டரை மணி நேர விறுவிறு நடைக்குச் சமமான பயிற்சி செய்பவர்களுக்கு, எதுவும் செய்யாதவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவாக இருந்தது. அதில் பாதி அளவு மட்டும் செய்பவர்களுக்கு 18 சதவீதம் குறைவு. முதல் பாதியிலேயே பலனில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது. மனம் நன்றாக இருப்பவர்கள்தானே நடக்கவும் போவார்கள் என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனாலும் வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் என்பது ஒன்றும் பயப்படக்கூடிய அளவு இல்லை.

உடலுக்குள் என்ன நடக்கிறது? 'எண்டார்பின் சுரக்கும், சந்தோஷம் வரும்' என்பது ஜிம் சுவரில் எழுதுகிற விளக்கம். ஓடினால், வலியைத் தணிக்க உடலே சுரக்கும் இந்த வேதிப்பொருள் ரத்தத்தில் கூடுவது உண்மை. ஆனால் ரத்தத்தில் ஓடும் எண்டார்பினால் மூளைக்குள் அவ்வளவு சுலபமாக நுழைய முடியாது, நடுவில் தடுப்பு இருக்கிறது. ஜெர்மனியில் 2021-ல் வந்த ஓர் ஆய்வில், எண்டார்பின் வேலை செய்யும் வழியை மருந்து கொடுத்து அடைத்துவிட்டே ஆட்களை 45 நிமிடம் ஓடவிட்டார்கள். அப்போதும் அவர்களுக்கு உற்சாகம் வந்தது, பதற்றம் குறைந்தது. இப்போது சந்தேகம் வேறொரு கூட்டத்தின் மேல் திரும்பியிருக்கிறது. கஞ்சாவின் வேதிப்பொருள் மூளையில் போய் உட்காரும் அதே இடங்களில் உட்காரும் பொருட்களை நம் உடலே தயாரிக்கிறது. எண்டோகேனபினாய்டு என்று அவற்றுக்குப் பெயர். ஓடும்போது இவை கூடுகின்றன, மூளைக்குள்ளும் எளிதாக நுழைகின்றன.

மூளையின் வடிவமே மாறுகிறது என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2011-ல் அமெரிக்காவில் 120 முதியவர்களிடம் செய்த ஆய்வில், ஒரு வருடம் நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சற்றே சுருங்கியிருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஒரே குரலில் ஆமோதிக்கவில்லை.

எனக்கு இவற்றைவிட நம்பிக்கை தருவது பதற்ற நோயைப் பற்றிய விளக்கம். திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, வியர்க்கிறது, 'ஹார்ட் அட்டாக்தான்' என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அந்தப் பயம் படபடப்பை இன்னும் கூட்டுகிறது. இப்படிப்பட்டவர்கள் மாடிப்படி ஏறுவதைக்கூடத் தவிர்ப்பார்கள். உடற்பயிற்சியில் இதே படபடப்பு, இதே மூச்சு, இதே வியர்வை வருகிறது. ஆனால் காரணம் தெரிந்து வருகிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கவும் செய்கிறது. நெஞ்சு வேகமாக அடித்தால் ஆபத்து என்று பழகிப்போன மனம், அப்படி இல்லை என்று உடம்பிடமிருந்தே கற்றுக்கொள்கிறது. 1998-ல் ஜெர்மனியில் 46 பதற்ற நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது, பத்து வார ஓட்டப் பயிற்சி வெற்று மாத்திரையைவிட நன்றாகவே உதவியது. அசல் மருந்து அதைவிட வேகமாகவும் கூடுதலாகவும் உதவியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, இதெல்லாம் உடல் அசைவின் வேதியியல் மட்டும்தான் என்றால், எந்த அசைவாக இருந்தாலும் மனதுக்கு ஒரே பலன் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மனிதர்கள் எதற்காக உடலை அசைக்கிறார்கள் என்பதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் அசைவு நல்ல மனநலத்தோடு சேர்ந்தே இருந்தது. வேலைக்கோ கடைக்கோ நடந்தும் சைக்கிளிலும் போவதும் அப்படித்தான். வீட்டு வேலைக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. பிழைப்புக்காகச் செய்யும் உடலுழைப்பிலோ மனநலக் குறைவுதான் கூடுதலாக இருந்தது.

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனத்தை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். "உங்க அம்மா காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்ன கால்லதான் நிக்கிறா, அவளுக்கு எதுக்குத் தனியா வாக்கிங்?" குடத்தைத் தூக்குவதிலும் துணி துவைப்பதிலும் கலோரி செலவாகிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்த நேரம் அவருடையது இல்லை. எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகம், எப்போது நிறுத்துவது, எதையுமே அவர் முடிவு செய்வதில்லை. அரைமணி நேரம் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு தெருவைச் சுற்றி வருவதில் உடல் அசைவு அதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். அந்த அரைமணியில் சோறு வெந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். போதிய அளவு உடலை அசைக்காத பெண்கள் 57 சதவீதமாக இருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை. காலை ஆறு மணி பெண்ணுக்கு அடுப்படி நேரம். மாலை ஏழு மணிக்குத் தெரு விளக்கு எரிகிறதா, தெருநாய் துரத்துமா, யார் எங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. 'மனசு வெச்சா முடியும்' என்று இவர்களிடம் அறிவுரை சொல்வது எனக்கு எரிச்சலூட்டும்.

இனி வேகத்தைப் பற்றி. பிடிக்காமல் போவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பான்டெலைமோன் எக்கெகாகிஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக ஒரே கேள்வியைத் துரத்தி வருகிறார்: பயிற்சி செய்துகொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே மனிதருக்கு எப்படி இருக்கிறது? முடிந்த பிறகு கேட்டால் எல்லோரும் 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்வார்கள், கஷ்டம் முடிந்துவிட்டதே. நடுவில் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். இதற்கு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். மெல்ல நடக்கும்போது ஏறத்தாழ எல்லோருக்கும் எண் பிளஸ் பக்கம்தான். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மூச்சு திடீரென வேகமெடுக்கிறது, பேச்சு துண்டுதுண்டாகிறது. அந்த எல்லைக்குப் பக்கத்தில் சிலருக்கு இன்னும் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. எல்லையை நன்றாகத் தாண்டிவிட்டால் அநேகமாக எல்லோருக்குமே எண் கீழே இறங்குகிறது. கவனிக்க வேண்டியது, இந்த எல்லை எல்லோருக்கும் ஒரே இடத்தில் இல்லை. பழகிய ஓட்டக்காரர் அரட்டையடித்துக்கொண்டே ஓடும் வேகம், வருடக்கணக்கில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவருக்கு எல்லையைத் தாண்டிய வதை. கனத்த உடம்புக்காரருக்குச் சாதாரண விறுவிறு நடையிலேயே அது வந்துவிடலாம்.

ஜனவரி முதல் வாரத்தில் ஜிம்மில் என்ன நடக்கிறது என்று இப்போது யோசித்துப் பாருங்கள். வருடச் சந்தா கட்டிய உற்சாகத்தில் வந்தவரை முதல் நாளே டிரெட்மில்லில் ஏற்றி, வேகத்தைக் கூட்டி, 'கமான் சார்' என்று கத்துகிறார்கள். மறுநாள் கட்டிலை விட்டு எழும்போது தொடை பேசுகிறது. மூன்றாவது வாரம் அவரைக் காணோம். அவருக்கு மனவுறுதி இல்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், அவரும் அதை நம்புகிறார். உண்மையில் அவர் உடம்பு, 'இது வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. முதல் பயிற்சியின்போது எவ்வளவு நன்றாக உணர்ந்தார்கள் என்பதை வைத்தே, ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து யார் தொடர்ந்து செய்துகொண்டிருப்பார்கள் என்று ஓரளவு கணிக்க முடிந்திருக்கிறது.

வேகத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். பாடவும் முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம், வாக்கியத்தை முடிக்க முடியாவிட்டால் குறைக்க வேண்டும். தனியாக நடப்பவர் வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொள்ளலாம், பூங்காவில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் வரும் அலுப்புக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் கண்டது: பயிற்சி எவ்வளவு பிடிக்கும் என்று மனிதர்கள் முன்கூட்டி நினைப்பதைவிட, செய்யும்போது உண்மையில் அதிகமாகவே பிடிக்கிறது. நாம் முதல் சில நிமிடங்களின் சங்கடத்தை மட்டும் மனதில் வைத்து மொத்தத்தையும் எடைபோட்டுவிடுகிறோம். ஷூவைத் தேடுவது, இன்னும் சூடாகாத முட்டி, வாசலில் கால் வைக்கும் அந்தக் கணம், எல்லாம் பெரிதாகத் தெரிகிறது. முடிவும் இதே அளவு முக்கியம். ஒரே அளவு உழைப்பை, மெதுவாகத் தொடங்கிக் கடினமாக முடித்த சைக்கிள் பயிற்சியையும், கடினமாகத் தொடங்கி மெல்ல மெல்லக் குறைத்த பயிற்சியையும் 2016-ல் ஒப்பிட்டார்கள். இரண்டாவது வகையைச் செய்தவர்கள்தான் அதை இனிமையாக நினைவில் வைத்திருந்தார்கள். வீடு திரும்பும் கடைசித் தெருவில் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் உயிரைக் கொடுத்து ஓடி முடிப்பது பந்தயக்காரர்களுக்கு.

கைக்கடிகாரம் எண்ணும் படிக்கணக்கைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஒரு நாளைக்கு 10,000 அடி என்ற இலக்கு ஆய்வகத்தில் பிறந்தது இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த வருடம், 1965-ல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடை எண்ணும் கருவியோடு வந்தது அது. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான சுமார் 17 ஆயிரம் பெண்களைப் பின்தொடர்ந்து 2019-ல் வந்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. எண்ணுவதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் எட்கின் 2016-ல் காட்டியது போல, நடையை அளந்தால் மனிதர்கள் அதிகம் நடக்கிறார்கள், ஆனால் நடப்பது முன்போலப் பிடிப்பதில்லை, அது வேலை மாதிரி ஆகிவிடுகிறது. ராத்திரி பத்தரை மணிக்கு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே 'இன்னும் முந்நூறு பாக்கி' என்று உலாத்துகிறவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். எண்ணால் உற்சாகம் வருகிறதென்றால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கழற்றி வைத்துவிட்டு நடக்கலாம்.

நடை ஒன்றுதான் வழி என்றும் இல்லை. கொங்கு நாட்டில் வள்ளி கும்மி இப்போது எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பார்த்தால் இது புரியும். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து ஊர்களில் குழந்தைகளும் பாட்டிகளும் ஒரே நிறச் சேலை, சட்டையில் வட்டமாக நின்று, வள்ளி திருமணக் கதைப் பாட்டுக்கு அடவு வைத்து ஆடுகிறார்கள். குனிந்து, நிமிர்ந்து, சுற்றி ஆடும் ஆட்டம், வியர்வை கொட்டும். கார்டியோ செய்கிறோம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. வள்ளி ஒயில் கும்மி என்றும் சொல்லப்படும் இந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து வளர்த்த பத்ரப்பனுக்கு 2024-ல், 87 வயதில், பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. உடல் அசைவு, தாளம், கூட்டம், அடுத்த அடவைக் கற்கும் சவால், ஊரே பார்க்கும் அரங்கேற்றம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த மனநலப் பயிற்சி இது. அலுவலகம் முடிந்து ஷட்டில் ஆடுகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே சமாச்சாரம்தான். பந்தின் மேல் கவனம் போனால் மேனேஜர் மேல் போகாது.

இடமும் கணக்கில் வரும். 2015-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் சிலரை 90 நிமிடம் புல்லும் மரமுமான இடத்திலும், சிலரை வாகனங்கள் பறக்கும் சாலை ஓரத்திலும் நடக்கவிட்டார்கள். முதல் குழுவுக்கு, நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக் குமைகிற பழக்கம் சற்றுக் குறைந்தது. இரண்டாவது குழுவுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கோவை ரேஸ்கோர்ஸும் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவும் காலையில் ஏன் நிரம்பி வழிகின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2023-ல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது நல்ல காரியம். ஆனால் அங்கே போய்ச் சேர பைக் எடுக்க வேண்டிய நிலையில்தான் பலர் இருக்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை டிரான்ஸ்பார்மரும் கடைப் பலகையும் இல்லாத நடைமேடை கிடைத்தால், அதுவே பெரிய மனநலத் திட்டமாக இருக்கும்.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்பவர்களுக்கு: லண்டனில் 96 பேரிடம் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் ஆகலாம் என்றது கணிப்பு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் யாருக்கும் எதுவும் கெட்டுப்போகவில்லை. மழைக்காலத்திலும் திருவிழா வாரத்திலும் விட்டுப்போகட்டும்.

கடைசியாக, ஏற்கெனவே மனச்சோர்வு நோயில் இருப்பவர்களைப் பற்றி. 'நாலு பேரோட பழகு, வாக்கிங் போ, எல்லாம் சரியாயிடும்' என்று அவர்களிடம் சொல்வது அநேகமாகக் கெடுதலைத்தான் செய்யும். எதிலும் ஆர்வம் இல்லாமல் போவதே அந்த நோயின் அடையாளம். பிடித்ததைச் செய் என்றால், எதுவுமே பிடிக்காதவர் என்ன செய்வார்? மனநல மருத்துவத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்காமல், மிகச் சின்னச் செயல்களை நேரம் குறித்து, ஓர் ஆலோசகரின் துணையோடு செய்ய வைப்பார்கள். செயல் முதலில், மனநிலை அப்புறம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் ஆட்களைக் கொண்டே இந்த முறையில் ஆறு முதல் எட்டு அமர்வு கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் கூடுதலாகத் தேறினார்கள் என்று 2017-ல் லான்செட் இதழில் வந்தது. அப்படிப்பட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், போகச் சொல்வதைவிடக் கூடவே போவது உதவும். தெருமுனை டீக்கடை வரை போய் வந்தால் அன்றைக்கு அது போதும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தாலோ, சாவைப் பற்றிய பேச்சு வந்தாலோ நடையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416, தமிழ்நாடு அரசின் 104, இரண்டிலுமே எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது.